அவன் கையிலிருந்து பந்தை வாங்கிவிடாதே

கிளீவ்லாந்து, ஒஹாயோ
2025 நவம்பர் 16, ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அத்தானும் பிள்ளைகளும் சுகம். அம்மையின் முட்டுவலி எப்படி இருக்கிறது? போன தடவை சொன்ன தைலத்தை ஒழுங்காகத் தேய்க்கிறாளா என்று மயினியிடம் கேட்டு எழுது. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. காலையில் கார் கண்ணாடியில் பிடித்திருக்கும் பனியைச் சுரண்டிவிட்டுத்தான் டியூட்டிக்குப் போகிறேன்.

வியாழக்கிழமை நீ போன் பண்ணி அந்தப் பையனைப் பற்றிச் சொன்னபோது நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். அவன் பையில் கஞ்சா இருந்தது, நம் ஊர் ஃபுட்பால் டீமிலிருந்து நீக்கிவிட்டார்கள், இனி கிரவுண்டுக்குள்ளேயே கால் வைக்கக் கூடாது என்று கமிட்டியில் முடிவாகிவிட்டது என்றாய். "நீ நர்ஸ்தானே, நீயே சொல்லு அக்கா" என்றாய். டியூட்டிக்கு நேரமாகிவிட்டதால் இரண்டு வார்த்தைக்கு மேல் என்னால் பேச முடியவில்லை. பேசியிருந்தாலும் நான் அழுதிருப்பேன், நீ கோபப்பட்டிருப்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அந்தப் பையன் ஆடுவதைப் பார்த்தேன். இடது ஓரத்தில் பந்தை வாங்கி, எதிரில் நிற்பவனை ஒரு பக்கம் சாயவைத்து, மறுபக்கமாக உள்ளே வெட்டிக்கொண்டு வருவான். அந்த மணலில் அப்படித் திரும்புவதற்கு இடுப்பில் எவ்வளவு பலம் வேண்டும்! என் பக்கத்தில் நின்ற மாமா, "இரவிபுத்தன்துறை சூசைராஜுக்கு அப்புறம் இப்படி ஒரு இடங்காலைப் பார்த்ததில்லை" என்றார். இரவிபுத்தன்துறையிலிருந்து இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) வரை ஒருவர் போக முடிந்தால் நம் ஊரிலிருந்தும் ஒருவன் போகலாம் என்று அன்றைக்கு எனக்கு ஆசை வந்தது. அந்த ஆசை இன்னும் போகவில்லை.

இந்த ஊரில் நான் கண்ணால் பார்த்த ஒரு கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படி.

குவைத்திலிருந்து நாங்கள் இங்கே வந்தது 2013 அக்டோபரில். யாரையும் தெரியாது. பக்கத்து வீட்டில் ஒரு தாத்தா, இரும்பாலையில் முப்பது வருசம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஒரு ஞாயிறு மத்தியானம் கதவைத் தட்டி, ஆட்டம் பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டார். ஃபுட்பால் என்றதும் எனக்கு அவ்வளவு சந்தோசம். போய்ப் பார்த்தால் பந்து முட்டை மாதிரி இருக்கிறது, கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். நம் ஆட்டத்துக்கு இங்கே சாக்கர் என்று பெயர். இந்த ஊர் டீம் பிரவுன்ஸ். அவர்கள் மைதானம் ஈரி ஏரிக் கரையிலேயே இருக்கிறது. ஏரி என்று சொன்னாலும் அக்கரை கண்ணுக்குத் தெரியாது. அலை அடிக்கும், காற்று அடிக்கும், உப்பு மணம் மட்டும் இருக்காது. வந்த முதல் மாதம் அந்தக் கரையில் நின்று அழுதிருக்கிறேன்.

அந்த டீமில் ஜோஷ் கார்டன் என்று ஒருவர் ஆடினார். அப்போது வயது 22. ஆறடி மூன்று அங்குலம். பின்னாலிருந்து ஒருவர் பந்தை எறிய, ஓரத்தில் ஓடிப்போய் இரண்டு பேர் நடுவில் எம்பிப் பிடிப்பதுதான் அவருடைய வேலை. வைட் ரிசீவர் என்கிறார்கள். விதி ஒன்றும் புரியாத எனக்கே அவர் ஓடுவது வேறு என்று புரிந்தது. மற்றவர்கள் முக்கி ஓடும்போது அவர் நடப்பதுபோல் கடந்து போவார். 2013 நவம்பர் 24 அன்று பந்து பிடித்து அவர் முன்னேறிய தூரம் 237 யார்டு. ஒரு யார்டு என்றால் மூன்றடி. அடுத்த ஞாயிறு 261. அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில் 200 யார்டுக்கு மேல் பந்து பிடித்தவர் என்.எஃப்.எல். என்ற அந்த லீக்கின் வரலாற்றில் அதற்கு முன்னால் யாருமே இல்லை. இரண்டு ஆட்டத்திலும் டீம் தோற்றது, தெரியுமா? அந்த வருசம் 16 ஆட்டத்தில் ஜெயித்தது நாலே நாலுதான். அப்படிப்பட்ட டீமில் இருந்துகொண்டு, முதல் இரண்டு ஆட்டம் தடையில் போய், மீதி 14 ஆட்டத்தில் 1,646 யார்டு எடுத்து லீக்கிலேயே முதலிடம் வந்தார். தாத்தா எழுந்து நின்று கைதட்டினார். தோற்றுப்போன ஆட்டத்துக்கு எழுந்து நின்று கைதட்டியவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்புறம் நடந்ததுதான் வேதனை. அவருக்கு இந்தப் பழக்கம் பள்ளிக்கூடக் காலத்திலேயே வந்தது. பேய்லர் பல்கலைக்கழகத்தில் ஆடும்போதே கஞ்சா விசயத்தில் மாட்டி அங்கிருந்து விலக வேண்டியதாயிற்று. அது தெரிந்தேதான் பிரவுன்ஸ் அவரை 2012-இல் எடுத்தது. 2014-இல் மறுபடி சோதனையில் சிக்கினார். ஒரே சிறுநீரை இரண்டு குப்பியில் பிரித்து வைப்பார்கள். ஒரு மில்லிலிட்டரில் 15 நானோகிராம் கஞ்சாத் தடயம்தான் அன்றைய வரம்பு. ஒரு குப்பியில் 16 வந்தது, இன்னொன்றில் 13.6. முதல் குப்பி கணக்குப்படி ஒரு வருசம் தடை. ஒலிம்பிக்கில்கூட அப்போது 150 வரை விட்டார்கள். பிறகு விதியை மாற்றியதால் அந்தத் தடை பத்து ஆட்டமாகக் குறைந்தது. அந்த இடைவெளியில் அவர் கார் விற்கும் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார். லீக்கிலேயே முதல் ஆள், அடுத்த வருசம் கார் விற்கிறார்!

அப்போது இந்த ஊர் இரண்டாகப் பிளந்து நின்றது. டீக்கடையில் பேசுவதுபோல ஆஸ்பத்திரி கேன்டீனில் எந்நேரமும் இதே பேச்சு. என்னோடு இரவு டியூட்டி பார்த்த ஒரு பெண்ணுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அதே வருசம்தான் இன்னொரு டீமின் ஆட்டக்காரர், தான் கட்டப்போகும் பெண்ணை அடித்து மயங்கவைத்தார். அவருக்கு முதலில் கொடுத்தது இரண்டே ஆட்டம் தடை. "ஒரு பெண்ணை அடித்தவனுக்கு இரண்டு வாரம், தனியாக உட்கார்ந்து புகைத்தவனுக்கு ஒரு வருசமா?" என்று கேட்டாள். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை, இன்றைக்கும் முடியாது. வார்டைத் துடைக்க வரும் ஒரு பெரியவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. "நானும் வேலைக்கு வரும்போது சிறுநீர் கொடுத்துத்தான் வந்தேன். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவனுக்கு அதை விட்டு இருக்க முடியாதா? அவனை நம்பி எறிய நிற்பவன் என்ன ஆவான்?" என்றார். அதுவும் நியாயம்தான்.

தாத்தா இரண்டு பக்கமும் பேசவில்லை. "அவனோடு யார் இருக்கிறார்கள்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி எனக்குள்ளேயே கிடந்தது.

ஏனென்றால் 2015-இல் மறுபடி தடை. இந்தத் தடவை குடி. சாதாரணமாக யாரும் குடிப்பதுதான், ஆனால் அவர் இருந்த சோதனைத் திட்டத்தில் அதுவும் கூடாது. ஒரு வருசம் முழுக்கத் தடை. அப்படிப்பட்ட தடை என்றால் டீம் இருக்கும் கட்டடத்துக்குள்ளேயே நுழையக் கூடாது. கூட ஆடுகிறவர்களோடு பயிற்சி கிடையாது, கோச்சோடு பேச்சு கிடையாது. காலையில் எழுந்து போக ஓர் இடம் இல்லாமல் ஆகிவிட்டது. 2015, 2016 இரண்டு வருசமும் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. பிறகு 2017-இல் அவரே ஒரு பேட்டியில் ஒளிக்காமல் சொன்னார்: சின்ன வயதில் மனதில் விழுந்த பயத்துக்கு மருந்தாகத்தான் இதெல்லாம் தொடங்கியது, தன் ஆட்டங்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கு முன்னாலும் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டுதான் இறங்கினேன் என்று. அதைப் படித்த அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை. ஊரெல்லாம் கைதட்டிய அந்த 261 யார்டு நாளிலும் அவர் பயத்தோடுதான் ஓடினாரோ என்று தோன்றியது.

அப்புறம் 2018-இல் பேட்ரியட்ஸ் என்ற டீமுக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே 11 ஆட்டத்தில் 720 யார்டு. நன்றாகத்தான் போனது. டிசம்பரில் மனநலத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆட்டத்தை விட்டு ஒதுங்கினார், உடனே அடுத்த தடை. பிறகு சீஹாக்ஸ், அங்கேயும் தடை. சீஃப்ஸ், டைட்டன்ஸ் என்று சுற்றினார். 2013-இல் பார்த்த அந்த ஓட்டம் திரும்ப வரவேயில்லை.

இதில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். 2020-இல் அந்த லீக் விதியையே மாற்றிவிட்டது. வரம்பு 150 ஆயிற்று. சோதனையில் கஞ்சா தெரிந்தது என்பதற்காக மட்டும் இனி ஆட்டத் தடை கிடையாது. 2023 டிசம்பரிலிருந்து ஒஹாயோவில் 21 வயது ஆனவர்கள் ஓர் அளவு வரை கஞ்சா வைத்திருப்பது குற்றமே இல்லை. எங்கள் வீட்டுக்கு இரண்டு சிக்னல் தள்ளி ஒரு கடையில் பில் போட்டு விற்கிறார்கள். அவருடைய நல்ல வயது போன பிறகு எல்லாம் மாறிற்று.

இதை வைத்து, அது ஒன்றும் செய்யாது என்று அக்கா சொல்வதாக நினைக்காதே, மக்கா. எமர்ஜென்சியில் நான் பார்க்கிறேன். பத்தொன்பது வயதுப் பையன் நிற்காமல் வாந்தி எடுத்துக்கொண்டு வருவான், வெந்நீரில் நின்றால்தான் அடங்கும் என்பான். வருசக்கணக்காக தினமும் புகைத்ததால் வருவது. இன்னொருவன் தன்னைக் கொல்ல ஆள் நிற்கிறது என்று கட்டிலுக்கு அடியில் ஒளிவான். வளரும் மூளைக்கு அது ஆகாது. நம் பையனுக்குப் பதினேழு வயது. தொடக்கூடாது என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

ஆனால் அவன் யார் என்று ஒரு நிமிசம் நினைத்துப் பார். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. அவன் அப்பா ஆழ்கடலுக்குப் போன வள்ளம் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஒரு வாரம், பத்து நாள் அந்தப் பிள்ளை கடற்கரையில் நின்றதை நீதான் எனக்குச் சொன்னாய். சாயங்காலம் பந்து உதைக்க நீ கூப்பிட்ட பிறகுதான் அவன் வாய் திறந்து பேசினான் என்று சொன்னதும் நீதான். எட்டு வருசமாக அவனுக்குப் போக இருந்த ஒரே இடம் உன் கிரவுண்டு. அதைப் பூட்டினால் சாயங்காலம் நாலரை மணிக்கு அவன் எங்கே போவான்? அந்தப் பொட்டலத்தைக் கொடுத்தவனிடம்தான் போவான். அவனுக்கு எந்தக் கமிட்டியும் கதவடைப்பதில்லை.

கமிட்டிக்காரர்கள் சொல்வதும் எனக்குப் புரிகிறது. சின்னப் பிள்ளைகள் பார்க்கிறார்கள், ஒருவனை விட்டால் நாளைக்கு நாலு பேர் வருவார்கள் என்று பயம். பெற்றவர்களுக்கு அந்தப் பயம் இருக்கத்தான் வேண்டும். கேஸ் என்று ஒன்று விழுந்தால் பாஸ்போர்ட்டுக்கும் வளைகுடா வேலைக்கும் எவ்வளவு தொல்லை என்று நமக்குத் தெரியாததா? ஆகவே தண்டனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆட்டத்திலிருந்து நிறுத்து. கிறிஸ்துமஸ் டோர்னமென்ட் போகட்டும், மூன்று மாதம் ஜெர்சி கிடையாது என்று சொல். ஆனால் பயிற்சிக்கு வரட்டும். எல்லோருக்கும் முன்னால் வந்து வலை கட்டட்டும், சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து எடுத்துப் போடட்டும். உலக அளவிலும் இப்போது அப்படித்தான் யோசிக்கிறார்கள். போட்டிக்கு வெளியே, ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாமல் எடுத்தது என்று நிரூபித்தால் மூன்று மாதம் தடை, சிகிச்சையை ஒழுங்காக முடித்தால் ஒரு மாதம் என்று ஊக்கமருந்துத் தடுப்பு விதியே 2021-இல் மாறியிருக்கிறது. கமிட்டியில் இதைச் சொல். பங்குத்தந்தையிடம் முதலில் தனியாகப் பேசு, அவர் கேட்பார்.

ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் நீயே கூட்டிக்கொண்டு போ. அவன் அம்மாவை மட்டும் அனுப்பாதே, அவள் பஸ்ஸில் அழுதுகொண்டே போவாள். கஞ்சாவைப் பற்றி மட்டும் பேசாமல் அப்பாவைப் பற்றியும் டாக்டரிடம் சொல்லச் சொல். ஒரு தடவை போனால் போதாது. அவன் மறுபடி தவறலாம், அதையும் இப்போதே மனதில் வைத்துக்கொள். கார்டனுக்கும் எத்தனையோ பேர் எத்தனையோ வாய்ப்பு கொடுத்தும் நடந்தது. அன்றைக்கு என்ன செய்வாய் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் இருபத்திரண்டில் பிடிப்பதைவிடப் பதினேழில் பிடிக்கலாம் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

நம் சின்னம்மை மகன் டிசம்பர் 12-ஆம் தேதி ஊருக்கு வருகிறான். அவனிடம் அம்மைக்கு முட்டுக்குப் போடும் பட்டியும், பிள்ளைகளுக்குச் சாக்லேட்டும் கொடுத்துவிடுகிறேன். அந்தப் பையனுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிவைக்க ஆசை. கால் அளவு தெரியவில்லை. நேரில் அவன் வீட்டுக்குப் போய் அளந்து அனுப்பு. ஒரு தாளில் அவன் காலை வைத்து வரைந்து போட்டோ எடுத்தாலும் போதும். அடுத்த வாரத்துக்குள் அனுப்பு.

அன்புடன்,
அக்கா