பழைய நோர்வேப் படத்தைத் திரையிடுவோருக்கு

ஆசிரியர் அவர்கட்கு,

யாழ்ப்பாணத்தில் பழைய ஐரோப்பியப் படங்களைத் திரையிடுவது பற்றித் தங்கள் வார வெளியீட்டில் வந்த கட்டுரை, 1941இல் லைஃப் சிண்டிங் இயக்கிய 'காதலும் நட்பும்' என்ற நோர்வேப் படத்தை நாஜிப் பிரசாரம் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது. சிண்டிங் நோர்வேயை நாஜி ஜேர்மனி ஆக்கிரமித்திருந்த கால அரசின் திரைப்பட இயக்குநரகத்துக்குத் தலைவராயிருந்தவர்தான், சந்தேகம் நியாயமே. ஆனால் படம் நோர்வே எழுத்தாளர் பீற்றர் எக்கேயின் மேடை நாடகத்திலிருந்து எடுத்த மிகையுணர்ச்சிக் கதை. தணிக்கைக்காரருக்கு வீட்டுக்குள் நடக்கும் காதல் சச்சரவில் வெட்ட அதிகம் இராது. பிரித்தானிய, அமெரிக்கப் படங்களைத் தடுத்த பிறகு உள்ளூர்ப் படத்துக்குப் போட்டியும் குறைவு. அதே 1941 மே மாதம் ஒஸ்லோவில் வானொலியில் நடிக்க மறுத்த நடிகர்களின் தொழில் அனுமதி பறிக்கப்பட, அங்கும் பேர்கன், துரொண்ட்ஹைம் நகரங்களிலும் நாடக அரங்குகள் வேலைநிறுத்தம் செய்தன. படத்துக்கு முன் இதை ஐந்து நிமிடம் சொன்னாற் போதும். ஊரடங்கும் விளக்கணைப்பும் என்னவென்று எங்கள் சனத்துக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

கட்டுரை தொடாதது திரையிடும் விதம். மேடையிலிருந்து வந்த படம் பேச்சிலும் முகத்திலுமே நிற்கும். அக்காலப் படத்தின் சட்டகம், அகலத்துக்கு உயரம், 1.37க்கு 1. இன்றைய அகலத்திரையை நிரப்பப் பெருப்பித்தால் உயரத்தில் ஏறக்குறைய கால்பங்கு போய்விடும், நடிகர்களின் நெற்றியோடு சேர்த்து. இழுத்து நீட்டினால் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள். இருபக்கமும் கறுப்பு விட்டுவிடுங்கள்.

உபதலைப்பில், அதாவது திரையின் அடியில் வரும் மொழிபெயர்ப்பு எழுத்தில்தான், பெரிய வில்லங்கம். படம் நொடிக்கு 24 சட்டகம். ஐரோப்பியத் தொலைக்காட்சிப் பிரதி 25. தொண்ணூறு நிமிடப் படம் அதில் 86 நிமிடம் 24 நொடியில் முடிந்துவிடும். அந்தப் பிரதிக்கு எழுதிய உபதலைப்பை 24இல் ஓடும் பிரதியோடு போட்டால், அரை மணி நேரத்தில் எழுத்து 72 நொடி முந்திவிடும்; காதலி அழுமுன்னரே அழுத காரணம் திரையில் வந்துவிடும். தொடக்கத்தை மட்டும் தள்ளிவைத்தால் தீராது. எல்லா நேரங்களையும் 25/24ஆல், அதாவது 1.0417ஆல், பெருக்கவேண்டும்.

தமிழில் எழுதும்போது பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யாதீர்கள். பல பிளேயர்களில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். யூனிகோடில் எழுதி யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். வசனத்தைச் சுருக்கியாவது இரண்டு வரியை நான்கு நொடி நிறுத்துங்கள். இல்லாவிட்டால் வாசித்து முடியுமுன் மறுமொழி சொல்லும் முகம் போய்விடும். வெள்ளை எழுத்து பனியிலும் மேசைவிரிப்பிலும் கரையும். கறுப்புக் கரையிட்ட மஞ்சள் நல்லது.

சோதனை ஓட்டத்துக்குக் கடைசிப் பத்து நிமிடத்தைப் போட்டுப் பாருங்கள். முதல் நிமிடத்தில் பிழை கண்ணில் படாது.

திரைப்பட ஆர்வலர் சிலர்,
யாழ்ப்பாணம்.