சீசன் முடிந்தபின் பாய்மரப் படகில் பாய் விரிக்க வருபவர்களுக்கு

நண்பர்களே, சீசன் முடிந்துவிட்டது என்று படகைத் தார்ப்பாய் போட்டு மூடிவிடாதீர்கள். நேற்று காலை நான் தனியாக ஒரு சுற்றுப் போய் வந்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை இன்னொரு பாய் இல்லை. மோட்டார் படகுகளின் இரைச்சல் இல்லாததால், முன்முனையில் தண்ணீர் சலசலப்பதும் கயிறு பாய்மரத்தில் டக் டக் என்று தட்டுவதும் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. கடற்பறவை ஒன்று பயமே இல்லாமல் பக்கத்தில் மிதந்தது.

காற்றும் வேறு மாதிரி. குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி கூட. 25 டிகிரியில் வீசுவதைவிட, 5 டிகிரியில் அதே வேகக் காற்று சுமார் 7 சதவீதம் அதிகமாகத் தள்ளும். அதனால் பாயைக் கொஞ்சம் முன்னதாகவே சுருக்கிவிடுங்கள். நான் சோம்பல்பட்டேன், ஒரே வீச்சில் படகின் விளிம்பு தண்ணீரைத் தொட்டுவிட்டது!

லைஃப் ஜாக்கெட் இல்லாமல் யாரும் வர வேண்டாம், இதில் சலுகை இல்லை. குளிர்நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது, எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்திருந்தாலும் சரி. இப்போது பகலும் குறைவு, சீக்கிரமே கரை திரும்பிவிடுவோம்.

ஞாயிறு காலை 9 மணிக்கு வருபவர்கள் இங்கேயே சொல்லிவிடுங்கள். அப்புறம், கையுறை இரண்டு ஜோடி எடுத்து வாருங்கள். ஒன்று எப்படியும் நனைந்துவிடும்.