அத்தானிடம் வாசித்துக் காட்டு, அக்கா

ஃபஹாஹீல், குவைத்
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நான் நல்ல சுகம். நீ, அத்தான், பிள்ளைகள், அம்மா எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாரத்துக்கு மூன்று தடவை போனில் பேசுகிறவன் எதற்குக் காகிதம் பேனா எடுத்தான் என்று நினைப்பாய். போனில் இரண்டு தடவை ஆரம்பித்தேன். ஒரு தடவை குக்கர் விசில் அடிக்கிறது என்று நீ வைத்துவிட்டாய். இன்னொரு தடவை நானே வைத்துவிட்டேன். அதுவுமில்லாமல் இதன் அடியில் என் கையெழுத்து வேண்டியிருக்கிறது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் அம்மாவுக்கு. "ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போனியாடே" என்று அவள் கேட்கும்போதெல்லாம் "ம்" என்று சொல்லியிருக்கிறேன். உண்மையில் இங்கே ஞாயிறு வேலை நாள். வெள்ளியும் சனியும்தான் லீவு. வெள்ளிக்கிழமைதான் நமக்கு ஞாயிறு. காலையில் பஸ் பிடித்தால் குவைத் சிட்டிக்கு நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே இவாஞ்சலிக்கல் சர்ச் வளாகம் இருக்கிறது. ஒரே மதிலுக்குள் எழுபது எண்பது சபைகள் முறை வைத்துக் கூடுகின்றன. தமிழ், மலையாளம், தெலுங்கு, அரபி, பிலிப்பைன்ஸ்காரர்கள் என்று எல்லாரும் உண்டு. நாம் கடைசி ஆசீர்வாதம் வாங்குவதற்குள் அடுத்த சபைக்காரர்கள் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பார்கள். நம் ஊர்ச் சபைப் போதகர் ஐயர் ஒருநாள் இங்கே வந்து பிரசங்கம் செய்ய வேண்டும். "மூன்றாவதாக" என்று அவர் சொல்லும்போது விளக்கை அணைத்துவிடுவார்கள்.

இந்த இடத்தைத் தொடங்கியவர்கள் அமெரிக்க மிஷன்காரர்கள். 1912-ல் எலினார் கால்வர்லி என்ற பெண் டாக்டர் இங்கே வந்தார். குவைத்துக்கு முதல் பெண் டாக்டர் அவர்தான். 1914-ல் மிஷன்காரர்கள் கட்டிய ஆஸ்பத்திரிக் கட்டடம் கடற்கரை ரோட்டில் இன்னும் நிற்கிறது. இப்போது அது பண்பாட்டு மையம். இந்த ஊரில் எண்ணெய் கண்டுபிடித்ததே 1938-ல்தான். நாங்கள் எல்லாரும் எண்ணெய் வாசனைக்கு வந்தவர்கள். அந்தம்மா அதற்கு 26 வருஷம் முன்னால், முத்துக் குளிக்கிற ஊராக இது இருந்தபோது வந்திருக்கிறார். 'போ' என்ற ஒரு சொல்லுக்குக் கீழ்ப்படிந்து வந்திருக்கிறார். பஸ்ஸில் அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போதெல்லாம் என்னவோ செய்யும்.

கீழ்ப்படிதல் என்ற சொல்லை நாம் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும்" என்ற வசனத்தை ஓய்வுநாள் பள்ளியில் ஒப்பித்து நான் டம்ளர் பரிசு வாங்கினேன். அந்த டம்ளர் இன்னும் வீட்டில் இருக்குமே. விசுவாசத்தில் எனக்கு ஒருநாளும் குறை இருந்ததில்லை. ஆண்டவர் உண்டு என்பதில் சந்தேகமே வந்ததில்லை. ஆனால் அவர் சொன்னது எதையாவது செய்தேனா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. இங்கே சாட்சி நேரத்தில் சிலர் எழுந்து, "நான் குடியை விட்டுவிட்டேன்" என்பார்கள். நானும் ஒருதரம் அப்படிச் சொன்னேன், எல்லாரும் அல்லேலூயா போட்டார்கள். குவைத்தில் சாராயத்துக்குச் சட்டப்படியே தடை, அக்கா. கிடைக்காததை விட்டவனுக்கு எதற்கு அல்லேலூயா?

என்னைப் புரட்டிப் போட்டது பிரசங்கம் இல்லை. எங்கள் ஸ்டோரில் எனக்கு மேலே இருக்கிற ஓர் எகிப்துக்காரர். ஐம்பது தாண்டியவர், காப்டிக் கிறிஸ்தவர். வலது மணிக்கட்டின் உள்பக்கம் சின்னதாக ஒரு சிலுவை பச்சை குத்தியிருக்கும். அவர்கள் ஆளுக்கு அது வழக்கமாம். வருஷத்தில் இருநூறு நாளுக்கு மேல் அவர்களுக்கு நோன்பு. ஈஸ்டருக்கு முன்னால் மட்டும் 55 நாள். இறைச்சி, பால், முட்டை எதுவும் தொடமாட்டார். வேகவைத்த பயறும் குப்பூஸ் ரொட்டியும்தான் சாப்பாடு. நான் பக்கத்தில் உட்கார்ந்து கோழியைக் கடித்துக்கொண்டு, "ஆண்டவர் என்ன முட்டையா எண்ணுகிறார்" என்று கேலி பண்ணுவேன். அவர் சிரித்துவிட்டு வெங்காயத்தை உரிப்பார்.

போன வருஷக் கடைசியில் சரக்குக் கணக்கெடுப்பு வந்தது. கையுறைப் பெட்டி மூன்று குறைகிறது. இரண்டு தடவை எண்ணினோம். நான், "சேதமானது என்ற கட்டத்தில் போட்டுவிடுவோம், யாருக்குத் தெரியப் போகிறது" என்றேன். எல்லா ஸ்டோரிலும் நடப்பதுதான். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "மாஃபி" என்றார். இல்லை என்று அர்த்தம். குறைவு என்ற கட்டத்தில் 3 என்று எழுதி, அதற்கு நேரே தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த மூன்று பெட்டியை வெளியே கொடுத்தவன் நானாகக்கூட இருக்கலாம், அது அவருக்கும் தெரியும். அவர் சம்பளத்தில் ஒன்பது தினாருக்கு மேல் பிடித்தார்கள். நான் போய் நின்றேன். "மாலிஷ்" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். அப்புறம் டீ குடிக்கப் போய்விட்டார். அவ்வளவுதான், ஒரு வசனம்கூடச் சொல்லவில்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பேனாவும் கட்டமும் வேறொரு நோட்டை ஞாபகப்படுத்திவிட்டன.

அக்கா, இனி எழுதப்போவதை உட்கார்ந்து வாசி.

ஏழு வருஷத்துக்கு முன்னால் கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிப் போன கேரல் ரவுண்டு காணிக்கையில் 8,500 ரூபாய் குறைந்ததே, அதை எடுத்தவன் நான். கணக்கு நோட்டு என்னிடம், பெட்டிச் சாவி அத்தானிடம். அத்தான் குளிக்கப் போயிருந்தார். ஆணியில் தொங்கிய அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தேன். விசா ஏஜெண்டுக்கு முன்பணம் கட்ட அன்றுதான் கடைசி நாள். புதுவருஷத்துக்குள் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. வாலிபர் சங்கக் கூட்டத்தில் கணக்கு வாசித்தது நான்தான். மொத்தத்துக்கு அடியில் சிவப்பு மையில் இரட்டைக் கோடு போட்டேன். ஐயர் அத்தானைப் பார்த்தார். அத்தான், "நான் எடுக்கல ஐயா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அந்த வாரமே இரண்டு ஆட்டை விற்றுப் பணத்தைக் கட்டினார். கட்டியதையே, "பார், ஒத்துக்கொண்டான்" என்று ஊர் சொன்னது. அன்றிலிருந்து கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் தவிர அவர் கோயில் படி ஏறவில்லை.

இதையெல்லாம்விட ஒன்று இருக்கிறது. நான் இங்கே வந்த இரண்டாம் வருஷம் நீ போனில் குரலைத் தாழ்த்தி, "ஒருவேளை இவுகதான் எடுத்திருப்பாகளோ" என்று கேட்டாய். நான் "விடு அக்கா, பழைய கதை" என்றேன். பணத்தை எடுத்தது ஒரு நிமிஷத் தப்பு. அந்த "விடு அக்கா" அப்படி இல்லை. உன் புருஷன்மேல் நீயே சந்தேகப்படும்படி உன்னை விட்டுவிட்டேன்.

அந்த வெள்ளி திருவிருந்து ஆராதனை. மெய்யாக மனஸ்தாபப்பட்டு, பிறரோடு சமாதானமாக இருக்கிறவர்கள் வாருங்கள் என்று அழைப்பார்களே, திடப்படுத்தல் எடுத்த நாளிலிருந்து கேட்கிற வார்த்தைதான், அன்று என்னால் எழுந்து போக முடியவில்லை. காணிக்கையை வைத்துவிட்டுப் போய் முதலில் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயுவில் வருகிறதே, அதில் "அங்கேதானே" என்று ஒரு சொல் இருக்கிறது. பலிபீடத்துக்கு முன்னாலேயே, நினைவு வந்த அந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார். நான் ஏழு வருஷமாகக் காணிக்கைக் கவரை மட்டும் வைத்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். உடம்பு சரியில்லையா என்று பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள்.

கடைசியில் சபையில் மூப்பராக இருக்கிற நாகர்கோவில் பெரியவரிடம் சொன்னேன். வேதத்தில் வருகிற சகேயு மாதிரி நாலத்தனையாக, நாலு மடங்காக, 34,000 அனுப்பிவிடுகிறேன் என்றேன். அவர், "தம்பி, பெரிய தொகையை அனுப்பி வாயை அடைக்கப் பார்க்கிறீங்க" என்றார். எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்துக் கொடுத்தார். அதில் முதலில் அறிக்கை செய்யச் சொல்கிறது. அப்புறம்தான் முதலும் அதோடு ஐந்தில் ஒரு பங்கும். பணம் யாருக்கு என்றால், குற்றம் யாருக்கு விரோதமாகவோ அவருக்கு. சபைக்கு ஏற்கெனவே அத்தான் கட்டிவிட்டார். ஆக 8,500-உம் 1,700-உம் சேர்த்து 10,200 ரூபாய் அத்தான் பெயருக்கு இன்று அனுப்பியிருக்கிறேன். ஆட்டுக் கணக்குப் பார்த்தால் இது காணாது. அதை அவரே சொல்லட்டும், கொடுக்கிறேன்.

இதோடு இன்னொரு தாளும் மடித்து வைத்திருக்கிறேன். அது ஐயருக்கு. எடுத்தது நான், அத்தானுக்கு ஒன்றும் தெரியாது என்று நாலு வரி, கையெழுத்துப் போட்டது. சபையில் வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அம்மாவுக்கு அவமானமாக இருக்கும். முந்தின நாளே நீ அவளிடம் சொல்லிவிடு, கூட்டத்தில் உட்கார்ந்து முதல்தடவையாகக் கேட்க வேண்டாம்.

நான் ஒரேயடியாக மாறிவிட்டேன் என்று நினைக்காதே. போன வாரம்கூட லிஃப்ட் தகராறில் ஒரு பெங்காளிப் பையனைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினேன். மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன், அது மட்டும்தான் புதுசு. இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். தைரியம் வந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் ரிட்டயர் ஆகியிருப்பேன். பயத்தோடேதான் எழுதுகிறேன், கை நடுங்குவது எழுத்தில் தெரியும்.

அத்தான் தோட்டத்திலிருந்து வந்த கையோடு வாசிக்காதே. குளித்து, காப்பி குடித்து, திண்ணையில் உட்காரட்டும். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு வாசி. கிழித்துப் போட்டால் விட்டுவிடு, சமாதானம் சொல்லப் போகாதே. ஐயருக்கான தாளை மட்டும் முன்னாலேயே எடுத்து வைத்துக்கொள்.

அங்கே ஏழு மணி என்றால் இங்கே நாலரை. வெள்ளி சனி இரண்டு நாளும் நான் ரூமில்தான் இருப்பேன். அத்தான் பேசினாலும் சரி, திட்டினாலும் சரி, போன் என் கையிலேயே இருக்கும்.

உன் தம்பி