ஆண்டறிக்கை: ஏலக்குரலும் கேரம் அடியும்

தலைவர் அவர்களே, பெரியவர்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

தெருவில் மழைத்தண்ணீர் நின்ற வாரங்கள் போக, மற்ற ஞாயிறுகளில் நம் ஒலிப்பதிவுக் குழுவின் கூட்டம் தவறாமல் நடந்தது. மாடி அறைக்கு வாடகை பாக்கி இல்லை. மின்விசிறி மாற்றியாகிவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களில் பாதிப்பேர் கானா பாடுகிறவர்கள் என்பதில் எனக்குத் தனிப்பட்ட சந்தோஷம்.

மற்றபடி ஆண்டு முழுக்க ஒரே வேலைதான். பதிவு செய்துவந்த ஒலிகளைப் பியூர் டேட்டாவில் போட்டுத் திருத்தக் கற்றுக்கொண்டோம். மில்லர் பக்கெட் என்பவர் 1996 வாக்கில் தொடங்கிய மென்பொருள் அது. வரிவரியாக நிரல் எழுத வேண்டாம். திரையில் பெட்டிகளைப் போட்டு வயர் இழுத்தால் போதும். பழைய லேப்டாப்பிலும் ஓடும், காசும் கேட்காது என்றதும் செயற்குழு ஒருமனதாக ஒப்புக்கொண்டது. இந்த ஆண்டில் ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான்.

முதலில் கோட்டை விட்டதைச் சொல்லிவிடுகிறேன். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்தை ஒரு தம்பி பதிவு செய்துவந்தார். நான்கு வினாடி. ஒலிக்கோப்பை ஏற்றும் சவுண்ட்ஃபைலர் பெட்டிக்கு வெறும் ‘ரீட்’ என்று கட்டளை அனுப்பினோம். கேட்டது ஒரு ‘டிக்’, அவ்வளவுதான். மைக்கைச் சந்தேகப்பட்டோம், கேபிளைச் சந்தேகப்பட்டோம், சாயங்காலத்துக்குள் தம்பியையே சந்தேகப்பட்டோம். விஷயம் இதுதான்: அர்ரே, அதாவது எண்களை வரிசையாக அடுக்கிவைக்கும் இடம், புதிதாகப் போடும்போது 100 எண்ணுக்குத்தான் இடம் தரும். வினாடிக்கு 44,100 எண்ணாகப் பதிவான குரலில் 100 எண் என்பது இரண்டேகால் மில்லிவினாடி. கட்டளையில் ‘ரீசைஸ்’, அதாவது கோப்பின் அளவுக்கு இடத்தை நீட்டு என்ற சொல்லை, சேர்த்தோம். 1,76,400 எண்ணும் வந்து உட்கார்ந்தன, ஏலக்காரர் குரல் படிக்கட்டு வரை கேட்டது. தம்பியிடம் இந்தப் பொதுக்குழுவில் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

அர்ரேயின் எண்கள் திரையில் ஓர் அலைக்கோடாகத் தெரியும். அதை மௌஸால் பிடித்து இழுக்கலாம் என்று தெரிந்த அன்று எல்லோருக்கும் கை பரபரத்தது. ஏலத்தை 200 பிக்சல் அகலப் படத்தில் அடைத்துவைத்திருந்தோம். கணக்குப் போட்டால் ஒரு பிக்சலுக்குப் பின்னால் 882 எண். கை ஒரு நூல் அசைந்தால் அத்தனையும் நேர்கோடாகிவிடுகிறது. வஞ்சிரம் விலை பாதியில் அறுந்தது. நல்லவேளையாக மூலக் கோப்புக்கு ஒன்றும் ஆகாது, மறுபடி ஏற்றிக்கொள்ளலாம்.

அப்புறம்தான் வழி பிடிபட்டது. ‘அர்ரே கெட்’ பெட்டியால் வேண்டிய இடத்தில் 200 எண்ணை மட்டும் எடுத்து ஒரு சின்ன அர்ரேயில் வைப்பது, அங்கே திருத்துவது, ‘அர்ரே செட்’ பெட்டியால் இருந்த இடத்திலேயே திருப்பி வைப்பது. வியாசர்பாடிப் பெரியவர் ஒருவர் பாடிக்கொடுத்த மரண கானாவில், மைக் ஜாக் ஆடியதால் நடுவே ஒரு ‘டப்’ விழுந்திருந்தது. சின்ன அர்ரேயில் பார்த்தால், மென்மையாக ஏறி இறங்கும் கோட்டில் நாலைந்து புள்ளி மட்டும் சுவரில் அடித்த ஆணி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கத்துப் புள்ளியிலிருந்து அந்தப் பக்கத்துப் புள்ளிக்கு ஓர் இழுப்பு. போயே போச்சு. பெரியவரிடம் போட்டுக்காட்டினோம். “நான் பாடினப்போ அது இல்லியேப்பா, இப்பதான் கரெக்டா இருக்கு” என்றார்.

துண்டு வெட்டும்போது வரும் ‘டிக்’ வேறு ரகம். அலை உச்சியில் நிற்கும்போது வெட்டினால் ஸ்பீக்கர் திடுக்கென்று குதிக்கும். அலை சுழியை, அதாவது பூஜ்யத்தை, தாண்டும் இடம் பார்த்து வெட்டி, இரு முனையிலும் ஐந்து மில்லிவினாடிக்கு, அதாவது சுமார் 220 எண்ணுக்கு, ஒலியைச் சரிவாக ஏற்றி இறக்கினால் சத்தமே இல்லை. அந்தச் சுழியைத் தேட ஒரு தங்கை, நிறுத்தச் சொல்லும் வரை திரும்பத் திரும்ப ஓடும் ‘அன்டில்’ பெட்டியைப் போட்டு, அதை நிறுத்தும் வயரைப் போட மறந்துவிட்டார். அது சொன்ன சொல் தவறாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. கணினி உறைந்து, சுவிட்சை அணைத்து, சேமிக்காத வேலையெல்லாம் போனது. அன்றிலிருந்து சட்டம்: முதலில் கண்ட்ரோல் எஸ், பிறகுதான் பெட்டியை ஓடவைக்கும் ‘பேங்’.

கடைசியாகக் கீழ்த்தளத்துக் கேரம் கிளப் விவகாரம். ஸ்ட்ரைக்கர் அடி ஒவ்வொரு பதிவிலும் இருக்கிறது. அது ஜாக் சத்தம் போல நாலைந்து புள்ளியில் முடிவதில்லை. அறையில் எதிரொலித்து ஆயிரக்கணக்கான எண்களில் குரலோடு கலந்துவிடுகிறது. கோடு இழுத்து எடுத்தால் பாட்டில் ஒரு சொல்லும் சேர்ந்து போகும். ஞாயிறு நான்கு முதல் ஆறு மணி வரை ஆட்டத்தை நிறுத்தக் கேட்டோம். அவர்களுக்கும் அதுதான் நல்ல நேரமாம், சரி. ஆகவே பதிவைக் காலை ஆறு மணிக்கு மாற்றும் தீர்மானத்தை முன்வைக்கிறேன். எழுந்திருக்க முடியாதவர்கள் ஆட்சேபத்தை இப்போதே சொல்லிவிடவும். வரவுசெலவைப் பொருளாளர் படிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்