பீன்ஸ் விதையின் நிறமும் வம்சமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானல் காய்கறிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, மேல்மலைத் தோட்டங்களில் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, புள்ளி விழுந்தது எனப் பல நிறங்களில் பீன்ஸ் விதை கிடைப்பதையே அப்பயிரின் மரபுவளத்துக்குச் சான்றாகக் காட்டியிருந்தது. பூம்பாறையில் நெடுங்காலமாகக் கொடி பீன்ஸ் பயிரிட்டுவரும் எனக்கு அது சரியாகப் படவில்லை. விதைத்தோலின் நிறம் சில மரபணுக்களில் அடங்கிவிடுவது. கண்ணுக்குப் பிடித்ததை எடுத்து வைத்தாலே நிறம் பெருகிவிடும்.

வம்சத்தைச் சொல்வது உள்ளிருக்கும் புரதம். அவரையைப் போலன்றி பீன்ஸ் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த பயிர். அதன் காட்டுச் செடிகள் மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா வரை இன்றும் வளர்கின்றன. விதைப் புரதத்தில் ஏறக்குறைய பாதி ஃபேசியோலின் என்னும் சேமிப்புப் புரதமே. மின்புலம் செலுத்திய கூழ்மத்தில் அதைப் பிரித்துப் பார்த்த பால் கெப்ட்ஸும் உடன் ஆய்வாளர்களும், நடு அமெரிக்காவின் சிறுவிதை ரகங்களில் பெரும்பாலும் ‘எஸ்’ வகையும், ஆண்டிஸ் மலையின் பெருவிதை ரகங்களில் பெரும்பாலும் ‘டி’ வகையும் இருப்பதைக் கொண்டு, மனிதர் இப்பயிரை இரண்டு இடங்களில் தனித்தனியே வசப்படுத்தினர் என்று 1986இல் எழுதினர். காட்டு விதைகளில் காணும் ஃபேசியோலின் வகைகள் பலவும் தோட்ட ரகங்களில் இல்லை. வசப்படுத்தும்போது சில செடிகளின் விதையே கைமாறியதால், மீதி வகைகள் காட்டிலேயே நின்றுவிட்டன.

இதன் இழப்பு ஏட்டளவில் நிற்பதன்று. சேமித்த பீன்ஸைத் துளைக்கும் மெக்சிகோ வண்டை எதிர்க்கும் ஆர்செலின் என்ற புரதம், மெக்சிகோவின் காட்டு பீன்ஸில்தான் கிடைத்தது. பிறகே அதைக் கலப்பினத்தின் வழியே பயிருக்குக் கொண்டுவந்தார்கள். சாம்பல் கலந்து வைத்தும் வண்டு துளைத்துவிட்ட விதையை விதைத்து, பாதிகூட முளைக்காமல் நின்றவன் நான். (எங்கள் வண்டு அதே வண்டுதானா என்பது வேறு கேள்வி.)

எனவே, மேல்மலை ஊர்களில் வீட்டுக்கு வீடு வைத்திருக்கும் விதைகளைத் திரட்டி, நிறத்தை விட்டுவிட்டு ஃபேசியோலின் வகையைக் கொண்டு தரம் பிரிக்கும் பணியைக் கொடைக்கானல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் மேற்கொண்டால் நன்று. டபுள் பீன்ஸை இக்கணக்கில் சேர்க்க வேண்டாம். அது வேறு இனம். என்னிடம் நான்கு நிறத்தில் விதை உண்டு. கேட்போருக்கு ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி தருவேன். நான்கும் ஒரே வகையாக இருந்தாலும் வியப்பதற்கில்லை.

இப்படிக்கு,
பூம்பாறை வாசகர் ஒருவர்