தாத்தா பேசிய கேசட்

அன்புள்ள வாணிக்கு,

நலம். போன வாரம் போனில் உன் குரல் கம்மியிருந்தது. ஜலதோஷம் என்றாய். பேசியதே இரண்டு நிமிடம். அதில் ஜலதோஷம் எவ்வளவு, வேறு எவ்வளவு என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. டாக்டரிடம் காட்டு.

நான் இப்போது நூலகத்து ஒலிக்காப்பகமே கதி என்று கிடக்கிறேன். பிரிட்டிஷ் காலத்தில் கிரியர்சன் என்ற அதிகாரி நடத்திய மொழிக் கணக்கெடுப்புக்காக 1913 முதல் 1929 வரை இசைத்தட்டில் எடுத்த இந்திய மொழிப் பதிவுகளைக் கேட்டேன். பல மொழிக்காரர்களையும் ஒரே கதையைச் சொல்ல வைத்திருக்கிறார்கள். பைபிளில் வருமே, சொத்தைப் பிரித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன மகன், அந்தக் கதை. கரகரப்புக்குள் யாரோ புரியாத மொழியில் சொல்லிக்கொண்டே போகிறார். அப்பா எந்த இடத்தில் வருகிறார் என்று தேடிக்கொண்டிருந்தேன். உன்னைச் சொல்லவில்லை. நீ சொந்தச் சம்பாத்தியத்தில் போனவள். எல்லோரிடமும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் ஒரு போன் பண்ணலாம்.

வாய்மொழி வரலாற்றுப் பேட்டிகளை எழுதி வைத்திருக்கும் படிகளில் சிரிப்பு, இருமல், நீண்ட மௌனம் எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் குறித்திருக்கிறார்கள். எதைக் கேட்டதும் பேச்சு நின்றது என்பது அதில்தான் தெரிகிறது. நாம் பேசுவதை யாராவது எழுதினால் அடைப்புக்குறிதான் மிஞ்சும்.

அங்கே உன் வயதுப் பெண் ஒருத்தி பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றுகிறாள். கையில் எடுத்ததும் முதுகுப் பக்கத்தைத்தான் பார்க்கிறாள். அந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டு அப்படியே இருந்தால் உடைத்துவிடுகிறாள், தவறிப்போய் யாரும் மேலே பதிந்துவிடக் கூடாது என்று. எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

தாத்தா பேசிய கேசட்டை டேப் ரெக்கார்டர் தின்றுவிட்டது என்று அன்று சொன்னேன். இல்லையம்மா. பதினோரு வயதிலேயே நீ அந்தத் துண்டை ஒழுங்காக உடைத்து வைத்திருந்தாய். நான்தான் துளைமேல் செலோடேப் ஒட்டி கிரிக்கெட் வர்ணனையைப் பதிந்தேன். வேறு கேசட் கைவசம் இல்லை. தாத்தாதான் இருக்கிறாரே, இன்னொரு நாள் பேச வைத்தால் போயிற்று என்று நினைத்தேன். அப்புறம், பத்திரமாக வைக்கத் தெரியவில்லை என்று உன்னையே திட்டினேன்.

அழிந்தது திரும்ப வருமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். ரெக்கார்டரில் பதிகிற ஹெட்டுக்கு முன்னாலேயே அழிக்கிற ஹெட் இருக்குமாம். போனது போனதுதான் என்றாள்.

கேசட்டை நான் எறியவில்லை. வர்ணனை நின்ற பிறகு கடைசியில் கொஞ்சம் தப்பியிருக்கிறது. தாத்தா இருமிவிட்டு, "போதுமா?" என்கிறார். "இன்னும் டேப் இருக்கு தாத்தா" என்கிறாய் நீ. அப்போது உன் குரல் கம்மவில்லை.

டாக்டரிடம் காட்டு.

அப்பா