எடுத்துப் போக முடியாத துண்டு

அயனாவரம், சென்னை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு ஈரோட்டிலேயே கல்லூரியில் இடம் கிடைத்ததில் எனக்கும் நிம்மதி. சென்னிமலையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்துவிடலாம். விடுதிக்குக் கட்டவேண்டிய பணத்தில் அவளுக்கு நல்ல லேப்டாப்பாக ஒன்று வாங்கிக் கொடு. அண்ணனுக்கு முதுகுவலி குறைந்ததா? தறியிலேயே உட்கார்ந்திருக்காமல் நடுநடுவே எழுந்து நடக்கச் சொல்.

இங்கே மாமியாருக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது, தூரத்தில் வரும் பஸ்ஸின் நம்பரை எனக்கு முன்னால் படித்துவிடுகிறார்கள். இப்போது சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரமில்லாமல் துடைத்துவிட்டுத்தான் கண்ணைத் தொடவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். காய்ந்த கையைவிட ஈரக் கையிலிருந்துதான் கிருமி சுலபமாகப் பரவுமாம். கை கழுவியாயிற்று, சரி. துடைக்கப் போனால் சமையலறைத் துண்டு காலையிலிருந்து நனைந்தே தொங்குகிறது. கிட்டே கொண்டுபோனால் ஒரு புளித்த வாடை. அதில் துடைத்த கையோடு அவர்கள் இமையை இழுத்துப் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்றிலிருந்து இந்தத் துண்டு யோசனைதான். உன்னிடம் ஒரு துணி நெய்து கேட்கப்போகிறேன். ஏன் இப்படிக் கேட்கிறாள் என்று அண்ணன் கேட்பார், அதனால் எல்லாவற்றையும் விவரமாகவே எழுதுகிறேன்.

நம் அம்மாக்களுக்கு முந்தானை இருந்தது. கை துடைத்ததும் அதில்தான், நம் முகம் துடைத்ததும் அதில்தான். வேலை நேரத்தில் இடுப்பில் செருகியிருப்பார்கள், முடிந்ததும் உதறி விடுவார்கள், நடக்க நடக்கக் காற்றுப் பட்டுக் காய்ந்துவிடும். அப்பாக்களின் தோள் துண்டும் அப்படித்தான். மெல்லிய துணி, எப்போதும் கைக்கெட்டும், எப்போதும் காற்றுப் படும். நைட்டிக்கும் சுடிதாருக்கும் மாறினபோது இந்த வேலையை ஒரு கொக்கியில் மாட்டிய தடித்த துண்டிடம் கொடுத்துவிட்டோம். நைட்டியை நான் குறை சொல்லமாட்டேன், மே மாதச் சென்னையில் அடுப்பு முன்னால் நிற்கிறவர்களுக்கு அது பெரிய உபகாரம். ஆனால் முந்தானை செய்த வேலையைச் செய்ய இன்னும் சரியாக ஒன்றும் வரவில்லை.

துண்டை உடம்போடு வைத்துக்கொள்ளலாமே என்று நைட்டியின் இடுப்பில் ஒரு பட்டன் வைத்து, துண்டில் காஜா எடுத்து மாட்டிப் பார்த்தேன். கைக்கு வசதிதான். ஆனால் ஈரம் வயிற்றோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது, நம் ஊர் வியர்வையும் சேர்ந்தால் அது எப்போது காய்வது? அதைவிட முக்கியமாக, பின் பர்னரிலிருந்து குக்கரை எட்டி எடுக்கும்போது துண்டின் நுனி முன் பர்னர் மேல் போகிறது. தீக்குப் பக்கத்தில் தொங்கும் துணி வேண்டவே வேண்டாம். ஆக, துண்டு சுவரில்தான் இருக்கவேண்டும். நம் கை அதனிடம் போகவேண்டும், அதுவும் ஒரு அடிகூட நகராமல். என் சமையலறையில் அதற்கான இடம் சிங்க் குழாய்க்கு வலது பக்கம், அடுப்பிலிருந்து தள்ளி, ஜன்னலை ஒட்டின சுவர். ஜன்னல் டக்ட் பக்கம் திறந்தாலும் கொஞ்சம் காற்று வருகிறது.

அப்புறம் காய்கிற விஷயம். கடையில் கை துடைக்க என்று கேட்டால் தேங்காய்ப்பூத் துண்டைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். தொட்டால் மெத்தென்று இருக்கும், தண்ணீரை நன்றாகவே உறிஞ்சும். ஆனால் உறிஞ்சினதைத் திருப்பி விடவேண்டுமே. பையன் கேக் செய்வதற்கு வாங்கின சின்ன டிஜிட்டல் தராசில், ஒரே அளவுள்ள தேங்காய்ப்பூத் துண்டையும் மெல்லிய ஈரிழைத் துண்டையும் நிறுத்துப் பார்த்தேன். காய்ந்த நிலையில் முதலாவது 110 கிராம், இரண்டாவது 50. இரண்டையும் நனைத்து, பிழிந்து, சாயங்காலம் பக்கத்துப் பக்கத்தில் விரித்துத் தொங்கவிட்டேன். இரவு பத்து மணிக்கு ஈரிழை பழைய எடைக்கு வந்துவிட்டது. மற்றதில் 40 கிராம் தண்ணீர் இன்னும் இருந்தது. காரணம் எளிது. ஈரம் போவது துணியின் மேற்பரப்பு வழியாக. இரண்டுக்கும் பரப்பு ஒன்றுதான், தடித்தது சுமக்கிற தண்ணீர்தான் இரண்டு மடங்குக்கு மேல். கை துடைக்க அவ்வளவு உறிஞ்சும் சக்தி தேவையே இல்லை.

தொங்கவிடும் விதமும் துணிக்குச் சமமாக முக்கியம். விற்கிற துண்டுகளில் மூலையிலோ நடுவிலோ ஒரே ஒரு வளையம் வைத்துத் தைக்கிறார்கள். அதைக் கொக்கியில் மாட்டினால் துணி சுருங்கி நாலைந்து மடிப்பாக விழுகிறது. உள் மடிப்புக்குக் காற்றே கிடையாது. நவம்பர் மழையில் இங்கே கொடியில் விரித்துப் போட்ட துணியே காயாது, மடிப்புக்குள் இருப்பது எப்படிக் காயும்? டைல்ஸோடு ஒட்டித் தொங்கினாலும் இதே கதி, ஒரு பக்கம் வீண். அதனால் மேல் விளிம்பின் இரண்டு மூலையிலும் நாடா வைத்து, இரண்டு கொக்கியில், துணியை முழு அகலத்துக்கு விரித்து மாட்டுகிறேன். கொக்கி சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி நிற்கவேண்டும்.

இதில் நான் பிடிவாதமாக இருக்கிற விஷயம் ஒன்று உண்டு. நாடாவை வளையமாகத் தைக்காமல், கொக்கியைச் சுற்றி வந்து பட்டனில் மாட்டுகிற மாதிரி தைத்திருக்கிறேன். சட்டென்று உருவி எடுக்க முடியாது. வீட்டில் நடப்பது உனக்குத் தெரியும். கை துடைக்கிற துணியாலேயே குக்கரைப் பிடிப்பார்கள், மேடையில் கொட்டின பாலை ஒற்றுவார்கள், பிறகு அது எங்கேயாவது சுருண்டு கிடக்கும். அடுத்த ஆள் கை கழுவிவிட்டுத் தேடுவார். எல்லா வேலைக்கும் போகிற துணி காய்வதற்கு நேரமே கிடைக்காது, கைக்கும் அகப்படாது. பட்டன் போட்டபிறகு அது அங்கேயே இருக்கிறது. பிடிதுணி தனி, மேடை துடைக்கிற துணி தனி. பையன் ஆரம்பத்தில் இழுத்துப் பார்த்தான், இப்போது பழகிவிட்டான்.

இவ்வளவும் நானே செய்துகொண்டேன். தைக்கிறவளால் முடியாதது ஒன்று மிச்சமிருக்கிறது, அதற்குத்தான் நீங்கள் வேண்டும். கோடவுன் தெருவில் துணி வாங்கி வெட்டித் தைத்தால் நாலு பக்கமும் மடித்து அடிக்கவேண்டியிருக்கிறது. மடித்த ஓரத்தில் மூன்று அடுக்குத் துணி, மூலையில் அதைவிட அதிகம். துண்டின் நடுப்பகுதி காய்ந்து மொரமொரவென்று இருக்கும்போது கீழ் மூலையைக் கிள்ளிப் பார், சில்லென்று இருக்கும். வாடை அங்கிருந்துதான் கிளம்புகிறது. ஈரத் துணி வாடைக்குப் பெரும்பாலும் காரணம் மொராக்செல்லா என்கிற பாக்டீரியா என்று ஜப்பானில் ஆராய்ந்து 2012-ல் எழுதியிருக்கிறார்களாம், பையன் படித்துக் காட்டினான். அது ஈரமில்லாமல் காய்ந்துபோவதையும் வெயிலையும் ஓரளவு தாங்குமாம். ஒருமுறை உள்ளே குடியேறிவிட்டால் வெயிலில் போட்டால் மட்டும் போதாது, கொதிக்கும் தண்ணீரில் ஊறவைக்கவேண்டும். வண்ணார்கள் வெள்ளாவி வைத்ததன் அருமை இப்போது புரிகிறது.

அதனால் பக்கவாட்டில் தையலே இல்லாமல், தறியிலேயே இரண்டு பக்கமும் கரை கட்டி வருகிற குறுகலான துணி வேண்டும். துவைத்தபிறகு 16 அங்குல அகலம். மேலும் கீழும் மட்டும் நான் மெல்லிசாக ஒரு மடிப்பு அடித்துக்கொள்கிறேன். அத்தை காலத்தில் துண்டு நெய்த சின்னத் தறி ஒன்று பின்கட்டில் இருந்ததே, அது இன்னும் ஓடுகிறதா? பெட்ஷீட் தறியில் இந்த அகலத்துக்குப் பாவு, அதாவது நீளவாட்டு நூல், போட்டால் உங்களுக்குக் கட்டுப்படியாகாது, தெரியும்.

நெசவு தேன்கூடு மாதிரி குழிகுழியாக வந்தால் ரொம்ப நல்லது. மேடான இடம் கையில் படும், குழிக்குள் காற்றுப் போகும், தேங்காய்ப்பூ மாதிரி வளையலில் நூல் மாட்டி இழுக்காது. தறியில் டிசைன் எடுக்கிற டாபி வைத்தால் வரும் என்று நினைக்கிறேன், அண்ணனைக் கேள். அந்த நெசவு துவைத்தால் நிறையச் சுருங்கும், எவ்வளவு சேர்த்து நெய்வது என்பது அவருக்குத்தான் தெரியும். முடியாவிட்டால் சாதா ஈரிழையே போதும். பாவும் குறுக்கே போகிற ஊடையும் முழுப் பருத்தியாக இருக்கட்டும். பாலியஸ்டர் கலந்தால் சீக்கிரம் காயும், அது உண்மை. 65 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். ஆனால் சூடு பட்டால் பாலியஸ்டர் உருகிக் கையில் ஒட்டும். சமையலறைக்குள் அதை விடமாட்டேன். வண்டி துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

பாவுக்குப் போட்ட கஞ்சி போகிற வரைக்கும் புதுத் துணி தண்ணீரை இழுக்காது, அதனால் நானே வெந்நீரில் அலசி எடுத்துக்கொள்கிறேன். நீயும் உன் வீட்டுத் துண்டுகளுக்கு அந்த வாசனைக் கண்டிஷனர் போடுவதை நிறுத்து. அது நூலின் மேல் படிந்து உறிஞ்சவிடாமல் செய்துவிடும்.

வீட்டுக்கு இரண்டு துண்டு வேண்டும். காலையில் ஒன்று, மதியம் மூன்று மணிக்கு மற்றது. சென்னை இரவில் காற்றிலேயே ஈரம் அதிகம், எவ்வளவு மெல்லிய துணியானாலும் அதற்கு மாற்று இருந்தால்தான் மறுநாள் காலையில் காய்ந்த துண்டு கைக்கு வரும். ப்ளவுஸ் தைக்க வருகிறவர்களில் நாலைந்து பேர் சுவரில் தொங்குவதைப் பார்த்துவிட்டு எங்களுக்கும் தைத்துக் கொடு என்கிறார்கள். முதலில் ஒரு பத்து மீட்டர் நெய்து அனுப்பு. கூலியும் நூல் விலையும் சரியாகக் கணக்குப் போட்டு எழுது, சிநேகிதி என்று குறைக்காதே. நிறம் வெளிர் மஞ்சள் அல்லது காவி. மஞ்சள்தூள் கறை உறுத்தாது, அழுக்கானதும் தெரியும். அடர்ந்த நிறம் வேண்டாம், அதில் அழுக்குத் தெரியாமல் நாள் கடத்திவிடுவோம்.

பார்சலைப் பெரம்பூர் வழியாக அனுப்பாதே, மெட்ரோ வேலையில் அந்தப் பக்கம் வண்டி நகருவதே இல்லை. பையன் ஞாயிற்றுக்கிழமை கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் வந்து வாங்கிக்கொள்வான். எந்த பஸ் என்று முதல் நாளே போன் பண்ணிச் சொல்லிவிடு.

அன்புடன்,
வசந்தா